மாமா, தட்டாதீங்க

எங்கள் பக்கம் காதுகுத்துக்குப் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். என் தங்கை மகனுக்கு சாஸ்தா கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தியபோது மடி என்னுடையது. ஆசாரி ஊசியைக் கையில் எடுத்ததும் அவன் திமிறிய திமிறலில் என் வேட்டி இடுப்பில் நின்றதே பெரிது. அதே காதுகளுக்காக இன்னொரு முறையும் அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும், அப்போது அவன் ஒரு இம்மியும் அசையக் கூடாது என்பார்கள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இப்போது அவனுக்கு இரண்டரை வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். நம் செல்களுக்குள் 21ஆம் குரோமோசோம் இரண்டு இருக்கும், அவனுக்கு மூன்று. 1959இல் பாரிஸில் ழெரோம் லெழூனும் அவரோடு வேலை பார்த்தவர்களும் கண்டு சொன்ன கணக்கு அது. இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கும் என்பதால், பிறந்த கையோடு எக்கோ எடுத்தோம். தைராய்டுக்கு ரத்தம் கொடுத்தோம். எல்லாம் தாண்டிவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை. மாமாவை 'மா' என்பான். தோசை அவன் வாயில் 'ஓஐ'.

"இந்தப் பிள்ளைக மெதுவாத்தான் பேசும்" என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். அதில் உண்மை இருக்கிறது; அதனால்தான் அது ஆபத்தான வாக்கியம். ஒரு குழந்தைக்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டிவிட்டால், பிறகு எது நடந்தாலும் அந்தப் பெயரையே காரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போன இடத்தில்தான் முதல் நாளே அந்தப் பெண் கேட்டார்: "காது பாத்தாச்சா?"

பார்த்திருக்கவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குக் காதுத் துளை குறுகல். தொண்டைக்கும் நடுக்காதுக்கும் காற்று போய்வரும் குழாயும் குறுகல். ஆரம்ப ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் காது பார்க்கச் சொல்கிறார்கள். எங்களுக்கு அது தெரியவே இரண்டரை ஆண்டு ஆயிற்று.

எழுதிக் கொடுத்த சோதனையின் பெயர் பெரா. கூடவே வாய்மொழியாக நான்கு கட்டளைகள். முந்தின ராத்திரி நேரம் கழித்து உறங்க வைக்கணும். காலையில் வெள்ளன எழுப்பணும். வருகிற வழியில் உறங்க விடக் கூடாது. தலைக்குக் குளிக்க வைக்கணும், எண்ணெய் வைக்கக் கூடாது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கட்டளைக்குக் காரணம் கேட்காமல் வீடு திரும்பும் பழக்கம் நமக்கு ஆஸ்பத்திரியில் மட்டும் எப்படித்தான் வந்துவிடுகிறதோ.

முதல் முறை போனது வீண். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு விடிகாலைப் பேருந்து. தேவர்குளம் வரைக்கும் தங்கை அவனுக்கு ஜன்னல் காட்டினாள், நான் ஆடு மாதிரி கத்தினேன், மாடு மாதிரி கத்தினேன். மானூர் வரும்போது என் தோளில் எச்சில் ஒழுகக் கண் அசந்துவிட்டான். எட்டு மணிக்கே வந்துவிட வேண்டும் என்றிருந்தார்கள். எங்கள் டோக்கன் எண் வந்தபோது பதினொன்றரை. அதற்குள் அவன் ஒரு உறக்கம் முடித்து, இட்லி தின்று, வராண்டாவில் இருந்த எல்லாருடைய செருப்பையும் இடம் மாற்றி வைத்திருந்தான். உறங்குவதற்கு சிரப் கொடுக்கலாமா என்று கேட்டோம். நாக்கு சற்றுப் பெரிது, தசைகளில் இறுக்கம் குறைவு, மூச்சுப்பாதையும் குறுகல். இந்தக் குழந்தைகளுக்கு உறக்க மருந்தை மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், இயல்பான உறக்கமே நல்லது என்றார்கள். சரியான பேச்சு. ஆனால் இயல்பான உறக்கம் வேண்டுமென்றால் மூன்றரை மணி நேரம் வரிசையில் உட்கார வைக்கக் கூடாது என்பதும் அதே பேச்சின் மறுபாதி. அதை அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

வீடு திரும்பும் பேருந்தில்தான் எனக்குக் கேள்வி வந்தது. ஒரு குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க, அது ஏன் உறங்கிக்கொண்டிருக்க வேண்டும்? உறங்குகிறவனிடம் போய்க் 'கேட்கிறதா' என்றால் யார் பதில் சொல்வது?

பதில் சொல்வது மூளைத்தண்டு. நாம் உறங்கும்போது மூளையின் மேல்மாடிகளில் விளக்கு அணைகிறது, கீழ்த்தளத்தில் அணைவதில்லை. காதுக்குள் 'டிக்' என்று ஓர் ஒலி போனால், உள்காதில் பட்டாணி அளவே உள்ள நத்தைச் சுருளில் திரவம் அசைகிறது. அங்கே வரிசையாக நிற்கும் மயிர்ச்செல்கள் சாய்கின்றன. ஒவ்வொரு காதிலிருந்தும் புறப்படும் சுமார் 30,000 நரம்பிழைகளில் பல ஒரே சமயத்தில் துடிக்கின்றன. அந்தத் துடிப்பு செவிநரம்பில் ஏறி, மூளைத்தண்டின் முதல் நிலையத்தில் இறங்கி, அடுத்த நிலையம், அதற்கடுத்த நிலையம் என்று மேலே போகிறது. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சிறு மின் அலை. முதல் அலை செவிநரம்பிலிருந்து, ஒலி புறப்பட்ட ஒன்றரை மில்லிசெகண்டில். ஐந்தாவது அலை நடுமூளையை நெருங்கும் இடத்திலிருந்து, ஆறு மில்லிசெகண்டுக்குச் சற்று முன்பே. நாங்கள் போன பேருந்து அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், அந்த ஆறு மில்லிசெகண்டில் பத்து சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். பச்சிளங்குழந்தைக்கு ஐந்தாம் அலை ஏழு மில்லிசெகண்ட் வாக்கில்தான் வரும். நரம்புகள் மேல் கொழுப்புறை படியப் படியப் பாதை வேகமெடுத்து, இரண்டு வயதுக்குள் பெரியவர்கள் கணக்குக்கு வந்துவிடும்.

உறங்கினாலும் மயங்கினாலும் இந்த ஐந்து அலைகளும் நிற்பதில்லை. அதுவரை நல்ல செய்தி. கெட்ட செய்தி அவற்றின் அளவு. சுவர்க்கடிகாரத்தில் போடும் சின்ன பேட்டரி 1.5 வோல்ட். அதை 50 லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் நெற்றித் தோலில் வந்து சேரும் ஐந்தாம் அலை. மைக்ரோவோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் அரை. அதே தோலில், மூளையின் மற்ற வேலைகளின் மின் சலசலப்பு இதைப் போலப் பல மடங்கு. குழந்தை விழித்துக்கொண்டு தாடையை அசைத்தாலோ கழுத்தைத் திருப்பினாலோ தசைகளிலிருந்து கிளம்பும் மின்சாரம் அதற்கும் மேலே எங்கேயோ. இத்தனைக்கும் நடுவில் அந்தத் துளியைத் தேட வேண்டும்.

தேடும் வழி எளிமையானது. எங்கள் தெருவில் விடியற்காலையில் பால்காரர் சைக்கிள் மணி அடிப்பார். அடித்த ஐந்தாவது நொடியில் எதிர்வீட்டு ஆச்சி தாழ்ப்பாளைத் திறப்பாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்பதே இல்லை. ஒருநாள் நாய் குரைக்கும், ஒருநாள் லாரி போகும், ஒருநாள் கோயிலில் ஒலிபெருக்கி. ஆனால் மணி அடித்த நொடியிலிருந்து ஒவ்வொரு நாளும் பதிவு செய்து, இரண்டாயிரம் நாள் பதிவையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால்? நாய் ஒவ்வொரு நாளும் வேறு வேறு நொடியில் குரைக்கும். லாரியும் அப்படியே. ஏறும் இறங்கும் அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மணிக்குக் கட்டுப்பட்டுச் சரியாக ஐந்தாவது நொடியில் வருகிற தாழ்ப்பாள் மட்டும் மேலும் மேலும் ஏறி நிற்கும்.

பெரா கருவி செய்வது இதுதான். 'டிக்' ஒலி மணி. ஐந்தாம் அலை தாழ்ப்பாள். ஒவ்வொரு டிக்கும் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீளும். அது கேட்ட பிறகு வரும் பத்துப் பன்னிரண்டு மில்லிசெகண்டை மட்டும் கருவி வெட்டி எடுத்துக் கூட்டிக்கொண்டே போகும். மூளையின் மின்னலைகளை இப்படி அடுக்கிப் பார்க்கும் யோசனையைச் செய்து காட்டியவர் லண்டனில் ஜார்ஜ் டாசன். 1947இல் படச்சுருளில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிந்து பார்த்தார். 1951இல் மின்தேக்கிகளில் சேமித்துச் சராசரி போடும் எந்திரத்தையே கட்டிவிட்டார். காதிலிருந்து கிளம்பும் இந்த அலைகளை மண்டையோட்டின் வெளியிலிருந்தே பிடிக்கலாம் என்று 1970, 71இல் டான் ஜூவெட் தெளிவாகக் காட்டினார். 1974இல் ஹெகாக்ஸும் ராபர்ட் கலம்பாஸும் அதைக் கைக்குழந்தைகளிடம் கொண்டுபோனார்கள். இந்தக் கலம்பாஸ் யார் தெரியுமா? இளைஞராக இருந்தபோது டொனால்ட் கிரிஃபினோடு சேர்ந்து, வௌவால் எதிரொலியைக் கேட்டே இருட்டில் பறக்கிறது என்று நிரூபித்தவர். நமக்குக் கேட்காததைக் கேட்கும் விலங்கிலிருந்து, கேட்கிறதா என்று சொல்லத் தெரியாத குழந்தைக்கு வந்திருக்கிறார்.

ஒரு சின்னக் கணக்கில்தான் எங்கள் நான்கு கட்டளைகளும் அடங்கியிருந்தன. இரண்டாயிரம் முறை கூட்டிச் சராசரி எடுத்தால் இரைச்சல் இரண்டாயிரத்தில் ஒரு பங்காகக் குறையாது. அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கே, ஏறக்குறைய 45இல் ஒரு பங்காகவே குறையும். உறங்கும் குழந்தையிடம் இரைச்சல் ஐந்து மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொண்டால், 0.11க்கு இறங்கிவிடும், அலை தலை தூக்கும். நொடிக்கு 21 டிக் வீதம் இதற்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். இரண்டு காதுக்கும் மூன்று மூன்று ஒலி அளவில், சந்தேகம் தீர ஒவ்வொன்றும் இரண்டு தடவை என்றால் இருபது நிமிடத்துக்குள் முடியும். குழந்தை அரைத்தூக்கத்தில் நெளிந்து இரைச்சல் இரண்டு மடங்கானால்? நேரம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு. இருபது நிமிட வேலை ஒன்றேகால் மணி நேரத்துக்குப் போய்விடும். அரைத்தூக்கத்தில் எந்தப் பிள்ளை ஒன்றேகால் மணி நேரம் கிடக்கும்?

ஆக, பேருந்தில் நான் ஆடு மாதிரி கத்தியது வெறும் விளையாட்டு இல்லை. அந்தக் கருவியில் கம்பிகள், பெருக்கி, கணினி இருப்பது போல, பிள்ளையைக் கூட்டி வருகிறவரும் ஒரு பாகம். அந்தப் பாகம் பழுதானால் மற்றவை எவ்வளவு விலை உயர்ந்தவையானாலும் கோடு கோடாகக் கிறுக்குவதோடு சரி.

இரண்டாம் முறை ஒரு வாடகைக் கார் பிடித்தோம். தங்கை முன்னிரவு பதினோரு மணி வரை அவனோடு பாத்திரம் தட்டி விளையாடினாள். நான்கு மணிக்கு எழுப்பிவிட்டோம். வழி நெடுக ஈரத் துண்டால் முகம் துடைத்தேன். என்னைப் பார்த்த பார்வையில் இனி ஜென்மத்துக்கும் மாமா என்று கூப்பிட மாட்டான் போலிருந்தது. நல்லவேளை, அன்றைக்குக் கூட்டம் குறைவு.

ஆடியாலஜிஸ்ட் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எங்கள் பேச்சில், நாகர்கோவில் பக்கத்து இழுப்போடு, "உறங்குதுக்கு முன்னாடியே ஒட்டிருவோம் மாமா" என்றார். பிள்ளைக்கு நான் மாமா, அதனால் அந்த அறையில் எல்லோருக்கும் மாமா. பஞ்சில் மணல்போல் நறநறக்கும் ஒரு பசையைத் தொட்டு நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் தேய்த்தார். செத்த தோலும் எண்ணெய்ப் பிசுக்கும் மின்சாரத்துக்குத் தடை. அந்தத் தடை 5 கிலோ ஓம்முக்குக் கீழே வந்தாக வேண்டும். எண்ணெய் வைக்காதே என்றது இதற்குத்தான். பிறகு பொட்டு அளவு தட்டுகள், அவற்றைப் பிடித்துக்கொள்ள டேப். காதில் செருகும் நுரைத் தக்கையை விரலால் உருட்டி ஒல்லியாக்கி உள்ளே விட்டார். அது மெல்ல விரிந்து குறுகலான துளையை அடைத்துக்கொண்டது. டியூப்லைட்டை அணைத்தார். என் செல்போனை வாங்கி வெளியே வைத்தார்.

திரையில் '21.1' என்று இருந்தது. ஏன் இந்தக் கால், அரைக்கால் கணக்கு என்று கேட்டேன். "கரண்ட் நொடிக்கு அம்பது தடவை ஆடுதுல்லா, அதோட சேர்ந்து போயிரக் கூடாது" என்றார். யோசித்துப் பார்த்தபோது புல்லரித்தது. நொடிக்குச் சரியாக 25 டிக் என்று வைத்தால், வீட்டு மின்சாரத்தின் ஒவ்வொரு இரண்டாவது ஆட்டமும் டிக்கோடு சேர்ந்து வரும். ஆச்சியின் தாழ்ப்பாளோடு கோயில் ஒலிபெருக்கியும் தினமும் அதே நொடியில் ஒலித்தது போல ஆகிவிடும். சுவருக்குள் ஓடும் மின்சாரத்தோடு தாளம் தப்ப வேண்டுமென்றே அந்தப் புள்ளி ஒன்று.

அவன் என் மடியில் உறங்கிப்போனான். பழக்கத்தில் என் வலது கை அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது. திரையின் ஓரத்தில் 'ரிஜெக்ட்' என்று ஒரு எண் கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தது. இரைச்சல் மிகுந்த பதிவுகளைக் கருவி தானே தள்ளிவிடும் கணக்கு அது. அந்தப் பெண் திரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"மாமா, தட்டாதீங்க."

இரண்டரை ஆண்டாக அவனை உறங்க வைத்த கை அது. நிறுத்தினேன். எண் நின்றது. மூச்சை விடவும் பயமாக இருந்தது.

70 டெசிபலில் திரையில் மேடு பள்ளமாக ஒரு கோடு மெல்லத் தெளிந்தது. கடைசி மேட்டைத் தொட்டுக் காட்டி, "இதான் அஞ்சு" என்றார். உறங்குகிற பிள்ளையின் தலைக்குள்ளிருந்து வந்த பதிலை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலியைக் குறைத்தால் அந்த மேடு சிறுத்து, கொஞ்சம் தாமதமாக, வலப்பக்கம் தள்ளி வரும். 50இல் அப்படியே வந்தது. 30இல் கோடு படுத்துவிட்டது. இன்னொரு முறை ஓட்டினார். படுத்தே கிடந்தது. இடது காதுக்கும் அதே கதை. நான் தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் பதறவில்லை. தக்கையை எடுத்துவிட்டுக் காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் பொத்தான் போன்ற ஓர் அதிர்வியை வைத்தார். இது செவிப்பறையையும் நடுக்காதையும் தொடாமல், எலும்பின் வழியே நேராக உள்காதைத் தட்டும். 20 டெசிபலில் ஐந்தாம் அலை எழுந்து நின்றது.

அதாவது உள்காது நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது. வழியில்தான் அடைப்பு. முன்னதாக எடுத்த இம்பீடன்ஸ் சோதனையிலும் செவிப்பறை அசையாமல் நேர்கோடுதான் வந்திருந்தது. நடுக்காதில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் பசைபோல் நீர் கட்டியிருக்கிறது என்றார் காது மூக்கு தொண்டை மருத்துவர். கிணற்றுக்குள் முங்கியிருக்கும்போது மேட்டில் நிற்கிறவர் கூப்பிட்டால் எப்படிக் கேட்குமோ, அப்படி. காற்றில் வரும் ஒலி நேராக நீர்ப்பரப்பில் பட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். அந்த நட்டத்தை ஈடுகட்டத்தான் நடுக்காதில் மூன்று சிறு எலும்புகள் நெம்புகோல் போட்டு, அகலமான செவிப்பறை வாங்கும் அழுத்தத்தை இருபது மடங்குக்கு மேல் பெருக்கி, ஒரு சின்னச் சன்னலில் கொண்டு தள்ளுகின்றன. அந்த மூன்றில் கடைசி எலும்பின் உயரம் மூன்று மில்லிமீட்டர். உடம்பிலேயே மிகச் சிறியது. அதைச் சுற்றிப் பசை கட்டினால் நெம்புகோல் என்ன செய்யும்?

பெரா எல்லாம் சொல்லிவிடாது என்பதையும் எழுத வேண்டும். செய்தி மூளைத்தண்டு வரை போய்ச் சேர்ந்ததா என்று மட்டுமே அது சொல்லும். போன செய்தியை அவன் என்னவாகப் புரிந்துகொள்கிறான் என்பது மேல்மாடி விவகாரம். டிக் ஒலி பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான கூர்மையான ஒலிகளுக்கே ஆள். தணிந்த ஒலிகளுக்கு வேறு சோதனை. அவனுக்குப் பேச்சு பிந்தியதற்குக் காது மட்டுமே காரணம் என்று நான் இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தால், அது பழைய தவறின் மறுபக்கம்.

ஆனாலும் பேச்சில் உயிரெழுத்துகள் உரக்க ஒலிப்பவை, ச, த, க போன்றவை மெலிந்தவை என்று அந்தப் பெண் சொன்னபோது, எனக்குத் தோசை ஞாபகம் வந்தது. 'ஓஐ.'

மூன்று மாதம் பார்ப்போம் என்றிருக்கிறார்கள். நீர் வடியாவிட்டால் செவிப்பறையில் க்ரோமெட் என்ற சிறு குழாய் வைப்பதா, காதுக்கருவி கொடுப்பதா என்று முடிவு செய்வார்கள். அதுவரை அவன் முகத்துக்கு நேரே, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பேசச் சொன்னார்கள். ஆச்சி உட்பட தெருவே இப்போது குனிந்து அவன் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறது.

அடுத்த சோதனைக்குச் சீட்டில் காலை 8 மணி என்று எழுதினார்கள். நான் நகரவில்லை. இவன் மதியச் சாப்பாடு முடிந்து ஒன்றரைக்குக் கண் அசருவான், அந்த நேரத்துக்கு ஒரு டோக்கன் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். எழுதுகிறவர் முதலில் முடியாது என்றார். ஆடியாலஜிஸ்ட் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "போட்டுக் குடுங்க சார், நமக்குத்தான் வேலை லேசு" என்றார். 8ஐ அடித்துவிட்டு 1.30 என்று எழுதியிருக்கிறது. நீங்களும் கேளுங்கள், கொடுப்பார்கள்.